ஒருத்தருக்கு ரூம் கிடையாது!

"எத்தனை பேர் சார்?"

"ஒருத்தர்."

"கூட யாரும் வரலையா?"

"இல்லை."

"பின்னாடி வருவாங்களா?"

"வர மாட்டாங்க."

லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்த பையன் என் முகத்தைப் பார்த்தான். வாசலில் நின்ற பைக்கைப் பார்த்தான். அதில் கட்டியிருந்த மூட்டையைப் பார்த்தான். வரிசையாகச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்த பலகையைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு, "ரூம் எல்லாம் ஃபுல் சார்" என்றான்.

நான் நகரவில்லை. ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கே நகர்வது? அதற்குள் ஒரு காரில் நான்கு பேர் வந்து இறங்கினார்கள். அவர்கள் வாய் திறந்ததும் பிராந்தி வாசனை ரிசப்ஷனை நிறைத்தது. இரண்டே நிமிஷத்தில் அவர்களுக்குச் சாவி கிடைத்துவிட்டது.

"ஃபுல்லுன்னு சொன்னியேப்பா?"

பையன் நல்ல பையன். சங்கடத்தோடு உண்மையைச் சொல்லிவிட்டான். "தப்பா நினைக்காதீங்க சார். சிங்கிளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு முதலாளி ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்கார். போன வருஷம் ஒருத்தர் தனியா வந்து தங்கி..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

ஊர்ப் பெயர், லாட்ஜ் பெயர் எல்லாம் வேண்டாம். ஏனென்றால் இது ஒரு ஊரின் கதை இல்லை. தமிழ்நாட்டில் தனியாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு லாட்ஜ் வாசலில் நின்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்த கதை. நான்கு பேர் சேர்ந்து குடித்துவிட்டு வந்தால் வாடிக்கையாளர். ஒருத்தன் குடிக்காமல் தனியாக வந்தால் சந்தேகக் கேஸ்!

* * *

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே பைக்கில் போவது, முடிந்த இடத்தில் கூடாரம் போட்டுத் தூங்குவது என்பது என் பல வருஷ ஆசை. பிப்ரவரியில் புறப்பட்டேன். புறப்படுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது, நான் ஏதோ தகாத காரியம் செய்கிறேன் என்று. "தனியாவா?" என்று ஆபீஸில் கேட்டார்கள். "தனியாவா?" என்று பால்காரர் கேட்டார். அடுத்த வீட்டு மாமி என் மனைவியிடம் துக்கம் விசாரிக்கிற குரலில், "உங்களுக்குள்ள ஒண்ணும் பிரச்னை இல்லையே?" என்று கேட்டிருக்கிறார்.

நீண்ட பயணத்தில் முதல் ராத்திரியை வீட்டுக்குப் பக்கத்திலேயே கழிக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். மறந்துபோன சாமான் எது, கூடாரத்தில் எந்தக் கம்பி எதில் நுழையும் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். அதனால் முதல் நாள் நான் போனது சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். ஈ.சி.ஆரில் முட்டுக்காடு தாண்டி, கோவளம் தாண்டி, திருவிடந்தை.

திருவிடந்தையைத் தேர்ந்தெடுத்ததில் கொஞ்சம் குறும்பும் உண்டு. அங்கே இருப்பவர் நித்தியகல்யாணப் பெருமாள். திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம். காலவ ரிஷிக்கு 360 பெண்கள். நாளுக்கு ஒருத்தியாக ஒரு வருஷம் முழுக்கக் கல்யாணம் செய்துகொண்ட பெருமாள், கடைசியில் எல்லோரையும் ஒருத்தியாக்கித் தன் இடது பக்கம் வைத்துக்கொண்டார் என்று தலபுராணம். கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் இங்கே வந்து, மாலை போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்றுகிறார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக அதை எடுத்துக்கொண்டு திரும்பி வரவேண்டும்.

அதாவது, தனியாக வருகிறவர்களை ஒரு ஊரே வரவேற்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த தடவை தனியாக வரக் கூடாது!

நம் கல்யாணங்களில் காசி யாத்திரை என்று ஒரு சடங்கு உண்டே, பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை குடை, விசிறி, கைத்தடியோடு தனியாகக் காசிக்குக் கிளம்புவார். பத்தடி போவதற்குள் பெண்ணின் அப்பா ஓடி வந்து தடுத்து, பெண்ணைத் தருகிறேன் என்று மணமேடைக்கு அழைத்து வந்துவிடுவார். தனியாக ஊர் சுற்றக் கிளம்புகிறவனைத் தடுத்து நிறுத்துவதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிற சமூகம் இது. லாட்ஜ் முதலாளியை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

* * *

கோயிலிலிருந்து கடற்கரைப் பக்கம் போனேன். ஈ.சி.ஆரில் போய்ப் பழகியவர்களுக்குத் தெரியும், கிழக்கே கடல் இருக்கிறது என்பதை நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் மதில் சுவர், கேட், செக்யூரிட்டி. இடையிடையே மீனவர் குடியிருப்புகள் இருப்பதால்தான் நம்மைப் போன்றவர்கள் கடலைத் தொட முடிகிறது.

படகுகளுக்குப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய், "ராத்திரி இங்க ஒரு ஓரமா கூடாரம் போட்டுப் படுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

"இன்னா தம்பி, தனியாவா வந்துகீறே?"

"ஆமாம்."

"வூட்ல சண்டையா?"

"இல்லை."

"கடங்காரன் தொல்லையா?"

"அதுவும் இல்லை பெரியவரே. சும்மா ஊர் சுத்த வந்தேன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "வூட்ல கட்டில் மெத்தைய உட்டுட்டு, காசு செலவு பண்ணிகினு கஷ்டப்பட வந்துகீறே" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு நிபந்தனைகள் வந்தன. படகுக்குப் பக்கத்தில் போடக் கூடாது, விடியற்காலை மூன்று மணிக்குப் படகு தள்ளுவார்கள். வலை மேல் நடக்கக் கூடாது. கடல் பக்கம் விளக்கு எரியக் கூடாது, ஆமை கரையேறி முட்டை போடுகிற காலம். குடித்துவிட்டுக் கடலில் இறங்கக் கூடாது. காலையில் போகும்போது ஒரு காகிதம்கூட மிச்சம் இருக்கக் கூடாது. கடைசியாக, "உன் செல் நம்பர் குடு. அப்பிடியே வூட்டு நம்பரும் குடு."

கொடுத்தேன். அவர் என் எதிரிலேயே என் வீட்டுக்குப் போன் போட்டார். "உன் வூட்டுக்காரர் எங்க ஊர்லதான் கீறாரும்மா. பயப்படாதே" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கவனியுங்கள். ஐந்து நிமிஷத்தில் ஒரு மனிதர் முழுமையான கூடார விதிமுறைகளைப் போட்டுவிட்டார். தொழில் செய்கிறவர்களுக்குத் தொந்தரவு கூடாது, சுற்றுச்சூழல், உயிர்ப் பாதுகாப்பு, சுகாதாரம், ஆள் அடையாளம், அவசரத் தொடர்பு எல்லாம் அதில் வந்துவிட்டது. இதற்கு ஒரு அரசாங்கக் குழு அமைத்திருந்தால் எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? ராத்திரி நடுவில் யாரோ டார்ச் அடித்து என்னை விசாரித்தபோது, தூரத்திலிருந்து அவர் குரல் வந்தது: "உடுப்பா, நம்மூட்டு விருந்தாளி."

அந்த ஒரு வார்த்தையில் நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்தடுத்த ஊர்களில் எனக்கு இல்லாமல் போனது அந்த வார்த்தைதான்.

* * *

ஒவ்வொரு ஆகஸ்டிலும் இதே ஈ.சி.ஆரில் காவி உடை உடுத்தி, மாதா சொரூபம் வைத்த தேரை இழுத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கலாம். மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடையில் போகிறவர்கள் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்கள் பள்ளிக்கூட வராந்தாவிலும், மரத்தடியிலும், மூடிய கடை வாசலிலும் படுத்துத் தூங்குகிறார்கள். யாரும் ஆதார் கார்டு கேட்பதில்லை. மோர் கொடுக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், காலுக்குத் தைலம் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். மனசார வரவேற்கிறேன்.

ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு ஆளைப் பிரித்தெடுங்கள். காவியைக் கழற்றிவிட்டு பேண்ட் சட்டை போடுங்கள். அதே மரத்தடியில் படுக்க வையுங்கள். என்ன ஆகும்? "யார்ரா நீ?" என்று ஊர் கூடும்.

நம் நாட்டில் கூட்டமாகப் போவதற்குப் பெயர் பக்தி, டூர், மாநாடு, கல்யாணம். தனியாகப் போவதற்கு இருக்கிற பெயர்களோ ஓடிப்போவது, தலைமறைவு, பைத்தியம். ஏகாந்தம் என்று ஓர் அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. பெருமாளுக்குக்கூட ராத்திரியில் ஏகாந்த சேவை நடத்துகிறோம். சாமிக்கும் சாமியாருக்கும் மட்டும் அதை ஒதுக்கிவிட்டோம். சம்சாரிக்கு ஏகாந்தம் கிடையாது.

சட்டமும் இப்படித்தான் யோசிக்கிறது. ஒளிந்து திரிகிறான், குற்றம் செய்யத்தான் என்று தோன்றினால், நன்னடத்தை ஜாமீன் கேட்டு ஒருவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 109-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் அது 128. ஆரஞ்சு நிறக் கூடாரத்துக்குள் எவனாவது ஒளிந்துகொள்வானா என்று நீங்கள் கேட்கலாம். பாதி ராத்திரியில் டார்ச் வெளிச்சம் முகத்தில் விழும்போது அந்தக் கேள்வி உங்கள் வாயிலிருந்து வராது.

வேடிக்கை என்னவென்றால், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் லாட்ஜில் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு. ஆக, இரண்டு பேருக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஒரே ஒரு ஆள் தங்குவதைத் தடுக்கவும் எந்தச் சட்டமும் கிடையாது. ஆனாலும் அவனுக்குக் கதவு திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

லாட்ஜ்காரர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு சாவு நடந்தால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும், பேப்பரில் பெயர் வரும், வியாபாரம் படுக்கும். ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நிஜமாகவே மனசு உடைந்து போன ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு உங்கள் வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூம் இல்லை என்று பொய் சொல்லி அவரை இருட்டில் அனுப்பிவிட்டால் அவருக்கு ஏதாவது நன்மை நடந்துவிட்டதா? உங்கள் கணக்கில் நடக்க வேண்டிய சாவை வேறு யார் கணக்கிலோ எழுதிவிட்டீர்கள், அவ்வளவுதான். திருவிடந்தைப் பெரியவர் செய்ததை நினைத்துப் பாருங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டார். வீட்டு நம்பர் வாங்கிப் பேசினார். தனியாக வந்தவனைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது. நாலு தடவை "எத்தனை பேர்?" என்று கேட்கிற நேரத்தில் ஒரு தடவை "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கலாமே!

பெண்களின் கதை இன்னும் மோசம். ஆண் தனியாகப் போனால் பரிதாபமும் சந்தேகமும். பெண் தனியாகப் போனால் அவள் நடத்தைக்கே சர்டிபிகேட் கேட்பார்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அரசாங்கம் ‘தோழி’ விடுதிகளைக் கட்டியிருக்கிறது, பாராட்டலாம். சும்மா ஊர் பார்க்கப் போகிற பெண்ணுக்கு சாலையோரத்தில் யார் தோழி?

* * *

"இதெல்லாம் வெள்ளைக்காரப் பழக்கம் சார், நமக்கு எதுக்கு?" என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. காந்தியைப் பற்றி ஆவணப் படம் எடுப்பதற்காக 1930களின் கடைசியில் ஏ.கே. செட்டியார் கப்பலும் ரயிலுமாகக் கண்டம் கண்டமாக அலைந்தாரே, அவர் எந்த ஊர் வெள்ளைக்காரர்?

வழிப்போக்கன் என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. வீட்டுக்கு வெளியே திண்ணை எதற்குக் கட்டினோம்? பல திண்ணைகளில் தலை வைத்துப் படுக்கத் தோதாக ஒரு பக்கம் சாய்வாக மேடு கட்டியிருப்பார்கள். அது வீட்டுக்காரருக்கான தலையணை இல்லை, முன்பின் தெரியாதவனுக்கானது. சுமையை இறக்கி வைக்க, யார் உதவியும் இல்லாமல் மறுபடி ஏற்றிக்கொள்ள, சுமைதாங்கிக் கல் நட்டிருந்தார்கள். கூட வந்து கைகொடுக்க ஆள் இல்லாத தனி மனிதனை நினைத்துச் செய்த கல் அது! ராணி மங்கம்மாள் பெயரைத் தெற்கே இன்றும் சாலையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். தஞ்சை மராத்தியர்கள் ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக வழி நெடுகச் சத்திரங்கள் வைத்தார்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இப்போதும் இருக்கிறது. தங்கள் சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு வைத்தியம் எல்லாம் உண்டு என்று இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கில ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

பழம்பெருமை பேசி ஏமாற நான் தயாராக இல்லை. அந்தத் திண்ணையில் எல்லா ஜாதிக்காரரும் உட்கார்ந்துவிட முடியாது. சத்திரத்துப் பந்தியிலும் ஜாதி இருந்தது. பெண்கள் தனியாக அந்தப் பக்கம் போயிருக்கவே முடியாது. நான் சொல்வது ஒன்றுதான். சாலை போடுகிறவனுக்குப் படுக்க இடம் கொடுக்கும் பொறுப்பும் உண்டு என்று அந்தக் காலத்து ராஜாவுக்குத் தெரிந்திருந்தது. ஜாதியை ஒழித்துவிட்டு சத்திரத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டிய நாம், சத்திரத்தை ஒழித்துவிட்டு ஜாதியை வைத்துக்கொண்டோம்.

* * *

இப்போது சாலை போடுகிறவர்களிடம் வருவோம். நான் படித்தது காமர்ஸ். எதையும் வரவு, செலவு என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும்.

ஈ.சி.ஆர். 2002-லிருந்து சுங்கம் வசூலிக்கும் சாலை. வரவு. திருவிடந்தையில் 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பிரதமரே வந்து தொடங்கி வைத்தார். பீரங்கிக்கும் டாங்கிக்கும் அங்கே இடம் கிடைத்தது. 2025 ஜனவரியில் அதே திருவிடந்தையில் சர்வதேச பலூன் திருவிழா. வெளிநாட்டு பலூன்கள் யானை பெரிதுக்கு வந்து இறங்கின. அவற்றுக்கும் இடம் கிடைத்தது. டாங்கிக்கும் பலூனுக்கும் கிடைக்கிற திருவிடந்தையில், ஏழடிக்கு நாலடிக் கூடாரத்துக்கு மட்டும் முறையாக ஒரு இடம் இல்லை.

"ஏன் சார், அந்தப் பக்கம் எவ்வளவோ கேம்பிங் நடக்குதே?" என்பீர்கள். நடக்கிறது. தலைக்கு இத்தனை ஆயிரம், பார்பிக்யூ உண்டு, டி.ஜே. உண்டு, விடிய விடிய ஸ்பீக்கர் உண்டு. போன் செய்து பாருங்கள், அங்கேயும் முதல் கேள்வி "எத்தனை பேர் சார்?" என்பதுதான். கூடாரம் என்பது அங்கே லாட்ஜ் அறையின் துணி வடிவம். தமிழக அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையும் சாகசச் சுற்றுலா, கேரவன் சுற்றுலா என்று அழகாகப் பேசுகிறது. எல்லாமே நடத்துகிறவருக்கானது. நடந்து போகிறவருக்கு, சைக்கிளில் போகிறவருக்கு, ராத்திரி தங்க மட்டும் இடம் கேட்கிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? ரயிலில் வந்தவனுக்கு ஸ்டேஷனில் ரிடையரிங் ரூம் இருக்கிறது. சாலையில் வந்தவன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

ஆபத்து வந்தால் யார் பொறுப்பு என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே, தனியார் நடத்திய கூடார முகாமில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. பயப்பட வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் குரங்கணிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தார்கள். 2024 அக்டோபரில் வனத்துறையே 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு, உள்ளூர் வழிகாட்டி என்று முறைப்படுத்தியது. மலைவாசி இளைஞர்களுக்கு வேலையும் கிடைத்தது. ஆக, அரசாங்கம் நினைத்தால் முடியும். மலையில் முடிந்தது மணலில் ஏன் முடியாது?

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் 1957-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பயிர் செய்யாத திறந்த வெளியில், ஆள் இருக்கிற வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, யாரையும் கேட்காமல் இரண்டு ராத்திரி கூடாரம் போடலாம். ஸ்காட்லாந்தில் 2003-இல் இதே மாதிரி உரிமை கொடுத்தார்கள். அங்கேயும் எல்லோரும் உத்தமர்கள் இல்லை. லாக் லோமண்ட் ஏரிக்கரையில் குப்பையும் குடியும் அதிகமாகிப் போய், 2017-லிருந்து சீசன் மாதங்களில் சில பகுதிகளுக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொண்டுவந்தார்கள். உரிமை முதலில் வந்தது, கட்டுப்பாடு பிறகு வந்தது. நம் ஊரில் கட்டுப்பாடு மட்டும் முதலிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உரிமை வருவதே இல்லை.

அதற்காக, நார்வே மாதிரி எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போட விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடற்கரை காலி மனை இல்லை. அது மீனவர்களின் தொழிற்சாலை. நம் ஆபீஸ் மேஜை மேல் எவனாவது பாய் விரித்துப் படுத்தால் சும்மா இருப்போமா? ஆமைகளுக்கும் அது பிரசவ வார்டு. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். அது மீன்பிடி வலைகளைப் பற்றிய தனி வழக்கு. ஆனாலும் மிச்சம் இருக்கிற ஆமையை நாம் டார்ச் அடித்துக் குழப்பக் கூடாது. குப்பை விஷயத்தில் நம் யோக்கியதையும் எனக்குத் தெரியும். 2019 அக்டோபரில் மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் குப்பை பொறுக்கிய படத்தை எல்லோரும் பார்த்தோம், ஷேர் செய்தோம், மறுபடி போய்க் குப்பை போட்டோம்.

அதனால்தான் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஈ.சி.ஆரில் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒன்று என்று ஒரு வழிப்போக்கர் திடல் வையுங்கள். முதல் திடல் திருவிடந்தையில் இருக்கட்டும். மதில், மாடிக் கட்டடம், மந்திரி பெயர் பொறித்த சலவைக்கல் எதுவும் வேண்டாம். ஒரு தண்ணீர்க் குழாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் கழிப்பறை. சாலைப் பக்கம் மட்டும் விளக்கு. பெயரும் வீட்டு நம்பரும் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. ராத்திரிக் காவலுக்கு அந்தந்த மீனவ கிராமத்திலிருந்தே ஒரு பெண், ஒரு ஆண், சம்பளத்தோடு. ராத்திரிக்கு ஐம்பதோ நூறோ வாங்குங்கள், தாராளமாகக் கொடுக்கிறோம். நுழைவாயிலில் அந்தப் பெரியவர் சொன்ன விதிகளைப் போர்டாக எழுதி வையுங்கள். கூடவே, "தனியாக வருபவர்களுக்கும் இடம் உண்டு" என்று கொட்டை எழுத்தில்.

லாட்ஜ்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். அறை காலியாக இருக்கும்போது, அடையாள அட்டையோடு வருகிற ஒருவரைத் தனியாக வந்தார் என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் உரிமம் கேள்விக்குள்ளாகும். சட்டசபையில் மசோதா தேவைப்படுகிற விஷயமா இது?

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை கோபமா என்று உங்களுக்குத் தோன்றலாம். தனியாக இருக்கத் தெரியாதவனைக் கூட்டத்தில் சேர்ப்பது சுலபம். எந்தக் கூட்டம், எந்தக் கொடி, எந்தத் தலைவர் என்பதெல்லாம் பிறகு முடிவாகும். பத்து நாள் தன் சோற்றைத் தானே பொங்கி, தன் பயத்தைத் தானே பார்த்து, தன் கூடாரத்தைத் தானே மடித்தவனை அவ்வளவு சுலபமாக லாரியில் ஏற்ற முடியாது. அப்படிப்பட்ட ஆட்கள் நமக்குக் கொஞ்சம் அதிகமாகவே தேவைப்படுகிறார்கள்.

என் பயணம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அன்றைக்கு அந்த லாட்ஜிலிருந்து கிளம்பி, பெட்ரோல் பங்க் ஒன்றில் அனுமதி கேட்டு, லாரிகளுக்கு நடுவே கூடாரம் போட்டுப் படுத்தேன். லாரி டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். எத்தனை பேர் என்று அவர்கள் கேட்கவில்லை. "எது வரைக்கும்?" என்றுதான் கேட்டார்கள்.

வழிப்போக்கனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.